செலினியம் மாத்திரை: லேபிளைக் கூட்டிப் பார்த்தீர்களா?

முடி கொட்டுகிறது என்று மல்டிவிட்டமின் ஒன்று, முடிக்கான மாத்திரை ஒன்று, தனியாக 200 மைக்ரோகிராம் செலினியம் ஒன்று என மூன்றும் சாப்பிடுகிறேன். இப்போது இன்னும் அதிகமாகக் கொட்டுகிறதே டாக்டர்?

முதலில் மூன்று டப்பாக்களையும் வரிசையாக வைத்து, பின்பக்கம் செலினியம் என்ற தாதுச்சத்துக்கு நேரே போட்டிருக்கும் எண்களைக் கூட்டிப் பாருங்கள். சிலவற்றில் மில்லிகிராமில் இருக்கும், 0.2 மில்லிகிராம் என்றால் 200 மைக்ரோகிராம். ஒரு நாளைக்குப் பெரியவர்களின் தேவை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்கில் 40 மைக்ரோகிராம், அமெரிக்கக் கணக்கில் 55. உச்சவரம்பை அமெரிக்கர்கள் 400 என்கிறார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் 255 என்று இறுக்கிவிட்டது. இது சாப்பாட்டில் வருவதையும் சேர்த்துத்தான். தேவைக்கும் ஆபத்துக்கும் இடைவெளி இவ்வளவு குறைவாக உள்ள சத்துகள் அதிகம் இல்லை.

இதில் வேடிக்கை, செலினியம் மிஞ்சினால் முதலில் அடிவாங்குவதே முடியும் நகமும்தான். முடி கொத்தாக வரும், நகம் பிளவுபடும், மூச்சில் பூண்டு வாடை அடிக்கும், நாக்கில் உலோகச் சுவை தட்டும். 2008இல் அமெரிக்காவில் ஒரு திரவ சப்ளிமென்ட்டில் லேபிளில் இருந்ததைவிட 200 மடங்கு செலினியம் கலந்துவிட, 200 பேருக்கு மேல் இப்படி அவதிப்பட்டார்கள். பஞ்சாபில் ஹோஷியார்பூர், நவான்ஷகர் பக்கம் சில ஊர்களில் மண்ணிலேயே செலினியம் அதிகம். அங்கே விளைந்த தீவனத்தைத் தின்ற மாடுகளுக்குக் குளம்பே கழன்றிருக்கிறது.

செலினியம் உள்ள மாத்திரைகளை இன்றே நிறுத்திவிட்டு, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), டிஎஸ்ஹெச் (தைராய்டு பரிசோதனை) மூன்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். முடி கொட்டுவதற்கான காரணம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

எனக்கு ஹாஷிமோட்டோ தைராய்டு. செலினியம் எடுத்தால் தைராய்டு மாத்திரையை விட்டுவிடலாம் என்கிறாள் தோழி. உண்மையா?

விடாதீர்கள். தைராய்டு ஹார்மோனை உடம்பு பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றும் என்சைம்களில் செலினியம் இருக்கிறது என்பது சரி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய்தான் ஹாஷிமோட்டோ. அதில் செலினியம் கொடுத்தால், தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) அளவு இறங்குவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் ரிப்போர்ட்டில் எண் இறங்குவதும் உங்கள் சோர்வு குறைவதும் ஒன்றல்ல. அந்த இரண்டாவதற்கு உறுதியான சான்று இல்லை. தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயில் கண் லேசாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் ஆறு மாதம் செலினியம் தருவதுண்டு, அதுவும் டாக்டர் பார்வையில்.

மாத்திரை வேண்டாம், தினமும் பிரேசில் நட்ஸ் நான்கு சாப்பிடலாமா?

நான்கு அதிகம். ஒரே கொட்டையில் 70 முதல் 90 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். எந்த மண்ணில் விளைந்தது என்பதைப் பொறுத்து அதுவும் ஏறி இறங்கும். எப்போதாவது ஒன்று போதும். மீன், முட்டை, கோழி சாப்பிடுகிற வீட்டில் அதுகூடத் தேவையில்லை என்பேன்.

அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. புரோஸ்டேட் புற்றுநோய் வராமல் இருக்க செலினியம் வாங்கித் தரலாமா?

வேண்டாம். இதைச் சோதிக்கவே 35,000க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து 'செலெக்ட்' என்ற ஆய்வு நடந்தது. தினம் 200 மைக்ரோகிராம் கொடுத்தும் பலன் இல்லை என்று 2008இல் மாத்திரையை நிறுத்தினார்கள். ஏற்கெனவே உடம்பில் செலினியம் நிறைய இருந்தவர்களுக்கு, மாத்திரையும் சேர்ந்தபோது, தீவிர வகைப் புற்றுநோய் கூடியதாகப் பின்னால் தெரிந்தது. இன்னொரு ஆய்வில், அதே அளவை ஆண்டுக்கணக்கில் எடுத்தவர்களுக்குச் சர்க்கரை நோய் அதிகம் வந்தது. அப்பாவுக்கு இருக்கிற சர்க்கரையே போதுமே!

பொடுகுக்கு செலினியம் சல்ஃபைடு ஷாம்பூ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் ஆபத்தா?

இல்லை, பயப்படாமல் தேயுங்கள். தலையில் புண்ணோ வெட்டுக்காயமோ இல்லாவிட்டால் அது உடம்புக்குள் போவது மிகச் சொற்பம். கண்ணில் படாமல், சொன்ன நேரத்துக்குள் நன்றாக அலசிவிடுங்கள். அப்புறம், தேய்க்கும் முன் வெள்ளி மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள், கறுத்துப்போகும்.