வாசகர் கேள்வி-பதில்: கதண்டும் குளவியும்

கேள்வி: தோட்டத்தில் மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு குளவி தினமும் சுற்றுகிறது. கரிய உடல், வயிற்றில் ஆரஞ்சுப் பட்டை. இது கதண்டா? பிள்ளைகளை வெளியே விடலாமா?

பதில்: கதண்டுதான், அதாவது கூட்டமாக வாழும் பெரிய குளவி (hornet). வெப்பமண்டல ஆசியாவில் அடிக்கடி கண்ணில் படுபவை இரண்டு இனங்கள். வயிற்றின் முதல் இரண்டு கண்டங்களும் (வளையம் போன்ற பகுதிகள்) மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால் ஓர் இனம். இரண்டாவது கண்டத்தில் மட்டும் பட்டை இருந்தால் மற்றொன்று. முன்னது மரக்கிளை, கூரை விளிம்பு போன்ற திறந்த இடத்தில் பந்து போலக் கூடு கட்டும். பின்னது மரப்பொந்து, மண்வளை, சுவர் இடுக்கு என்று மறைவிடம் தேடும். பட்டையைப் பார்த்தால் கூட்டை எங்கே எதிர்பார்க்கலாம் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

தனியாகத் திரியும் கதண்டு இரை தேட வந்தது. கையில் நசுங்கினாலோ, சட்டைக்குள் சிக்கினாலோ, காலில் மிதிபட்டாலோ கொட்டும். மற்றபடி ஆளைத் தேடி வந்து கொட்டுவதில்லை. இந்தப் பூச்சிகள் கூட்டுக்காகத்தான் சண்டைக்கு வருகின்றன. எனவே எத்தனை கதண்டு பறக்கிறது என்று எண்ணுவதைவிட, கூடு எங்கே, நீங்கள் நடமாடும் இடத்துக்கு எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

காலையிலோ பிற்பகலிலோ பத்து மீட்டர் தள்ளி நின்று கால் மணி நேரம் கவனியுங்கள். செடிக்குச் செடி தாவிக்கொண்டிருந்தால் வேட்டை. கூரையடியில் இருக்கும் சிறு குளவிகளின் திறந்த கூட்டைக் குடைந்து புழுவை இழுத்துக்கொண்டிருந்தாலும் வேட்டைதான்; ஆரஞ்சுப் பட்டை ஒன்று மட்டும் உள்ள இனத்துக்கு அதுவே முக்கிய உணவு. ஆனால் சில விநாடிக்கு ஒன்று வீதம் ஒரே நேர்கோட்டில் வருவதும் போவதுமாக இருந்தால், அந்தக் கோட்டின் முனையில் கூடு இருக்கிறது. அந்தப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். கிட்டே போய் எட்டிப் பார்க்கவும் வேண்டாம். கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தால் போதும்.

கேள்வி: மரக்கதவில் வட்டமாகத் துளை போட்டு, கீழே மரத்தூளைக் கொட்டுகிறது ஒரு பெரிய கருவண்டு. சத்தமே பயமாக இருக்கிறது.

பதில்: சத்தம் மட்டும்தான். அது வண்டு அல்ல, தச்சுத்தேனீ. முகத்துக்கு நேரே வந்து மிதந்து மிரட்டுவது பெரும்பாலும் ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது. தேனீ, குளவி இனங்களில் முட்டையிடும் உறுப்புதான் கொடுக்காக மாறியிருக்கிறது, அதனால் பெண் மட்டுமே கொட்டும். பெண் தச்சுத்தேனீயும் கையில் பிடித்தால் ஒழியக் கொட்டாது. பூச்சு இல்லாத காய்ந்த மரத்தைத்தான் அது தேர்ந்தெடுக்கும். உள்ளே எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு துளையை மரப்புட்டி வைத்து அடைத்து, வர்ணமோ வார்னிஷோ அடியுங்கள். பூச்சியை உள்ளே வைத்து அடைத்தால் பக்கத்தில் இன்னொரு துளை போட்டு வெளியே வரும்.

பயப்படத் தேவையில்லாத பூச்சிகளின் பட்டியலில் மண்குளவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவரில் மண்ணால் குழல் குழலாக வீடு கட்டி, உள்ளே சிலந்தியையோ புழுவையோ அடைத்துவைக்கும். தனி வாழ்க்கை, காவல் படை இல்லை, கூட்டைத் தொட்டாலும் சண்டைக்கு வராது. புல்தரையை ஒட்டித் தாழப் பறக்கும் பெரிய கருங்குளவிகளும் அப்படித்தான். அவை தேடுவது மண்ணுக்குள் இருக்கும் வண்டுப் புழுவை.

கேள்வி: மாடி வரந்தாவின் கூரையில் கால்பந்து அளவுக்குக் கூடு. இரவில் தீப்பந்தம் வைத்துக் கொளுத்திவிடலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். குழாய் வைத்துத் தண்ணீர் பீய்ச்சலாம் என்கிறார் இன்னொருவர்.

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் அது எது என்று பாருங்கள். பழுப்புக் காகிதம் சுற்றியது போல மூடிய பந்து, வரிவரியான கோலம், ஒரேயொரு வாசல் என்றால் கதண்டு. மூடாமல், அரைவட்டமாகத் தொங்கும் ஒரே அடை, அதன் மேல் போர்வை போலப் பூச்சி மொய்த்திருந்தால் மலைத்தேனீ. மலைத்தேனீ பூக்காலம் முடிந்ததும் அடையை விட்டு இடம் பெயரும் வழக்கம் உள்ளது. ஆள் நடமாட்டம் இல்லாத உயரத்தில் இருந்தால் காத்திருப்பதே நல்லது.

கதண்டுக் கூடு என்றால்: மரநாரை மென்று உமிழ்நீர் கலந்து கட்டிய காகிதம் அது. பல அடுக்கு உறை, இடையில் காற்று. வெளியே தீப்பிடித்தாலும் உள்ளே இருப்பவை உடனே சாகாது; வாசல் வழியாகப் பொங்கி வரும். கூரை பற்றிக்கொள்வது தனிக் கதை. தண்ணீர் உறையைக் கிழிக்கும், பூச்சியைக் கொல்லாது. மண்வளைக் கூட்டின் வாயை அடைப்பது இதைவிட மோசம், வேறு வழி தோண்டிக்கொள்ளும். சுவருக்குள் கூடு இருந்தால் அந்த வேறு வழி உங்கள் படுக்கையறைக்குள் திறக்கலாம். இரவு என்பதாலும் ஏமாற வேண்டாம். சில இனங்கள் இரவிலும் பறக்கும், கையில் உள்ள விளக்கை நோக்கி நேராக வரும். தொழில்முறை ஆட்கள் சிவப்பு விளக்கு பயன்படுத்துவது பூச்சிக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது என்பதால்.

அவர்கள் வாசலுக்குள் பைரெத்ராய்டு என்ற பூச்சிக்கொல்லித் தூளோ தெளிப்போ செலுத்தி, அடங்கிய பிறகு கூட்டைப் பையில் போட்டு எடுப்பார்கள். சாதாரணத் தேனீ உடை எல்லாக் கதண்டுக்கும் போதாது. பெரிய இனத்தின் கொடுக்கு ஆறு மில்லிமீட்டர் வரை இருக்கும், துணியைத் தாண்டும். ஏணியில் நின்றபடி ஒருவர் இதைத் தனியாகச் செய்யக் கூடாது. கொட்டுப்படுவதைவிடப் பதறி விழுவதால் வரும் காயம் பெரிதாகிவிடும்.

எடுத்த பிறகும் இரண்டு மூன்று நாள் சில கதண்டுகள் அதே இடத்தைச் சுற்றும். வேலைக்குப் போயிருந்தவை திரும்பி வந்து வீட்டைத் தேடுகின்றன. அந்த நாட்களில் வரந்தாக் கதவைச் சாத்தி வையுங்கள்.

இதெல்லாம் வளர்ந்த கூட்டுக்கு. தொடக்கத்தில் ராணி தனியாள். டேபிள் டென்னிஸ் பந்து அளவில் கூடு கட்டி, முதல் தொகுதி வேலைக்காரிகள் பொரிந்து வரும்வரை எல்லா வேலையும் அதுவே செய்யும். அந்தச் சில வாரங்களில் காவல் படை இல்லை, அகற்றுவது எளிது. கூரை விளிம்பு, மின்பெட்டி, பயன்படுத்தாத பரண், தொங்கும் பூந்தொட்டியின் அடிப்பக்கம் இவற்றை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்துவந்தால் கால்பந்து வரை போகாது.

கேள்வி: கூட்டமாகத் துரத்தினால் அசையாமல் நிற்பதா, ஓடுவதா, தண்ணீரில் குதிப்பதா?

பதில்: ஒன்றிரண்டு காவல் கதண்டு உங்களைச் சுற்றி வட்டமிடுகிறது, இன்னும் கொட்டவில்லை என்றால் கை வீசாமல், வந்த வழியே மெல்லப் பின்வாங்குங்கள். அது எச்சரிக்கை. பெரிய இனங்கள் தாடையைச் சொடுக்கும் சத்தம்கூடக் கேட்கும்.

முதல் கொட்டு விழுந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. கதண்டின் நஞ்சிலேயே மற்றவற்றை அழைக்கும் வாசனை கலந்திருக்கிறது. தேனீயின் கொடுக்கிலிருந்தும் அப்படியொரு வாசனை வரும், வாழைப்பழம் போல மணக்கும். அங்கேயே நிற்பது அந்த வாசனையோடு நிற்பது. சட்டையை இழுத்து முகத்தையும் தலையையும் மூடிக்கொண்டு, கண் முன்னால் தெரியுமளவுக்கு இடைவெளி விட்டு, ஓடுங்கள். கட்டடமோ காரோ, கதவு மூடக்கூடிய இடம்தான் இலக்கு. இரண்டு மூன்று பூச்சி கூடவே உள்ளே வரும். வரட்டும், வெளியே இருப்பவை முன்னூறு. மூடிய இடம் இல்லையென்றால் ஓடிக்கொண்டே இருங்கள். பல கதண்டுகள் சில பத்து மீட்டரில் விட்டுவிடும், மலைத்தேனீ நூறு மீட்டருக்கு மேலும் வரும். தண்ணீரில் குதிக்காதீர்கள். மூச்சுக்குத் தலையைத் தூக்கும் இடத்தில் அவை காத்திருக்கும், தலையிலும் வாயிலும்தான் கொட்டும்.

கேள்வி: கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு, வினிகர், பற்பசை எது நல்லது? எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

பதில்: மூன்றும் பயனில்லை. குளவி நஞ்சு காரம், தேனீ நஞ்சு அமிலம், அதை எதிர்மறையால் முறித்துவிடலாம் என்ற கணக்கு பள்ளிக்கூட வேதியியலில் அழகாக இருக்கும். ஆனால் நஞ்சு தோலுக்கு அடியில் போய்விட்டது, அதில் வலி தருவதும் வெறும் அமிலம் அல்ல. கதண்டு நஞ்சில் அசிட்டைல்கோலின், ஹிஸ்டமின், செரோட்டோனின், பல நொதிகள் எல்லாம் உண்டு.

முதலில் கூட்டை விட்டு விலகுங்கள். தேனீ என்றால் கொடுக்கு தோலில் நிற்கும், அதோடு ஒட்டிய நஞ்சுப்பை தானாகச் சுருங்கி இன்னும் நஞ்சை இறக்கும். நகத்தால் கிள்ளியோ சுரண்டியோ உடனே எடுங்கள். கிள்ளினால் பை பிதுங்கிவிடும் என்று சரியான கருவி தேடிக்கொண்டிருப்பதுதான் தவறு. முறையைவிட வேகம் முக்கியம். கதண்டு கொடுக்கை விட்டுப் போகாது, ஒரே பூச்சி பலமுறை கொட்டும். மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றுங்கள், வீங்கிய பிறகு வராது. சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைத்து எடுத்து, மறுபடி வையுங்கள். வலிக்குப் பாராசிட்டமால், அரிப்புக்கு ஆன்டிஹிஸ்டமின்.

அவசரம் இரண்டு வகை. இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று ஒவ்வாமை. ஒரே கொட்டு போதும். பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும்: கொட்டாத இடங்களிலும் தடிப்பு, உதடோ நாக்கோ வீங்குதல், குரல் மாறுதல், மூச்சிரைப்பு, வாந்தி, தலைச்சுற்று, மயக்கம். இதற்கு மருந்து அட்ரினலின். ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை அதற்கு மாற்றாகாது. தானியங்கி ஊசி கையில் இருந்தால் தொடையின் வெளிப்பக்க நடுவில், உடைக்கு மேலேயே போடலாம். 5 முதல் 15 நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் இரண்டாவது ஊசி. ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரட்டும். நடக்கவோ திடீரென எழுந்து நிற்கவோ விடாதீர்கள், இரத்த அழுத்தம் சரிந்துவிடும். தெளிந்த பிறகும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், சில மணி நேரம் கழித்து அறிகுறி திரும்புவது உண்டு. இப்படி ஒருமுறை ஆனவர்கள் ஒவ்வாமை மருத்துவரிடம் நஞ்சுத் தடுப்புச் சிகிச்சை பற்றிக் கேளுங்கள். சிறு அளவில் நஞ்சைச் செலுத்தி உடலைப் பழக்குவது, மூன்று முதல் ஐந்து ஆண்டு எடுக்கும், நன்றாகவே வேலை செய்கிறது.

இரண்டாவது நஞ்சின் அளவு. ஒவ்வாமை இல்லாதவரையும் இது வீழ்த்தும், அதுவும் தாமதமாக. பெரியவருக்குப் பத்துக்கு மேல், குழந்தைக்கு ஐந்துக்கு மேல் கதண்டு கொட்டியிருந்தால், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் போய்விடுங்கள். நஞ்சு தசையையும் இரத்தச் சிவப்பணுக்களையும் சிதைக்கும், அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கரும்பழுப்பாக வருவதும், அளவு குறைவதும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ தெரியலாம். முதல் நாள் வலி குறைந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டு, மூன்றாம் நாள் டயாலிசிஸ் தேவைப்படும் நிலைக்கு வருவது இப்படித்தான். 2013-இல் சீனாவின் ஷான்சி மாநிலத்தில் கதண்டுகளால் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலருக்குச் சிறுநீரகம் பழுதானது.

வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினால் எண்ணிக்கை, ஒவ்வாமை எதையும் பார்க்க வேண்டாம். பனிக்கட்டியைச் சப்பிக்கொண்டே கிளம்புங்கள்.

கேள்வி: நேற்று கையில் ஒரே கொட்டு. இன்று முழங்கைவரை வீக்கம், சூடு. சீழ் பிடித்துவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. சிலருக்கு அந்த இடத்து வீக்கம் மட்டும் பெரிதாக வரும், ஒன்றிரண்டு நாளில் உச்சம் தொட்டு ஒரு வாரத்தில் வடியும். நான்காம் நாளுக்கு மேல் வலி கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோதான் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: பழைய கூடு காலியாகத் தொங்குகிறது. மறுபடி குடிவருமா?

பதில்: அதே கூட்டுக்குள் வராது. இடம் பிடித்திருந்தால் பக்கத்திலேயே புதிதாகக் கட்டலாம். குளிர்நாடுகளில் பழைய ராணியும் வேலைக்காரிகளும் குளிர்காலத்தில் இறந்துவிடும், புது ராணிகள் மட்டும் ஒளிந்து பிழைக்கும். வெப்பநாடுகளில் கூடு அதைவிட நீண்டும் ஓடலாம். அதனால் 'காலி' என்று முடிவு செய்யுமுன் நல்ல வெயில் நாளில் அரை மணி நேரம் வாசலைப் பாருங்கள்.

கேள்வி: 'கொலைகாரக் குளவி' என்று காணொளி சுற்றுகிறதே, உலகம் முழுக்கப் பரவுகிறதா?

பதில்: ஆசியாவின் ராட்சதக் கதண்டைத்தான் அப்படி அழைத்தார்கள். ராணி ஐந்து சென்டிமீட்டர் தொடும். 2019-இல் வட அமெரிக்காவில் தென்பட்டது. வாஷிங்டன் மாநிலத்தில் 2020 அக்டோபரில் முதல் கூட்டைக் கண்டுபிடித்து அழித்தார்கள். 2024 டிசம்பரில் அங்கே முற்றாக ஒழிந்ததாக அறிவித்தார்கள். ஐரோப்பாவுக்கு வந்த மஞ்சள்கால் கதண்டு அப்படி அடங்கவில்லை. 2004-இல் பிரான்சில் தெரிந்தது, பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. இரண்டுமே முதலில் தேனீக்களுக்குத்தான் எமன். ஜப்பானியத் தேனீ இதற்கொரு வழி வைத்திருக்கிறது: நூற்றுக்கணக்கில் கதண்டின் மேல் விழுந்து உருண்டையாகச் சூழ்ந்து, தசையை அதிரவைத்து 46 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி, அதை வேகவைத்துவிடும். மனிதர்களின் எந்தத் தெளிப்பானும் இவ்வளவு துல்லியமாக இல்லை.

கேள்வி: சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிய பாட்டில் பொறி வைத்தால் குறையுமா?

பதில்: குறையாது, அதிகமாகும். வாராத பூச்சியையும் வாசனை காட்டி வரவைக்கிறீர்கள், சாவது பெரும்பாலும் ஈயும் தேனீயும்தான். குப்பைத் தொட்டியை மூடுங்கள், விழுந்த பழங்களைப் பொறுக்குங்கள். வெளியில் குளிர்பானம் குடிக்கும்போது டின்னில் வாய் வைக்காமல் கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். உள்ளே ஏதாவது மிதந்தால் கண்ணுக்குத் தெரியும்.