சான், நாஸ், லன்: சேமிப்பக வலையமைப்புக் கேள்வி பதில்

வெள்ளவத்தை, கணக்காய்வு அலுவலகம்: அண்ணா, நாஸும் சானும் நெட்வேர்க்கில் இருக்கும் டிஸ்க்தானே? என்ன வித்தியாசம்?

ஃபைல் சிஸ்டம், அதாவது எந்த ஃபைல் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் ஏற்பாடு, யார் பொறுப்பில் என்பதுதான் வித்தியாசம். நாஸில் அது பெட்டிக்குள்ளேயே, அதாவது டிஸ்க்குகள் இருக்கும் சேமிப்பகச் சாதனத்துக்குள்ளேயே, இருக்கிறது. உங்கள் கணினி எஸ்.எம்.பி. அல்லது என்.எஃப்.எஸ். என்ற ஃபைல் பகிர்வு முறை வழியாக ஃபைலைக் கேட்கும். பத்துப் பேர் ஒரே ஃபைலைத் திறந்தாலும் பூட்டுகளைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். சான் கொடுப்பது வெறும் பிளொக்குகள், அதாவது டிஸ்க்கின் சிறு துண்டுகள். இணைப்பு ஐ-ஸ்கஸியோ ஃபைபர் சானலோ, சேர்வருக்கு அது சொந்த டிஸ்க் போலத்தான் தெரியும். ஃபோர்மட் செய்வதும் சேர்வரின் வேலை. எக்செலும் பி.டி.எஃப்.பும் பகிர நாஸ் போதும்.

தெஹிவளை: லன், மாஸ்கிங், சோனிங்?

பெட்டி தன் டிஸ்க்குகளைச் சேர்த்து, அதிலிருந்து ஒரு சேர்வருக்கு வெட்டிக் கொடுக்கும் பங்குதான் லன். எந்த லன் யாருக்குத் தெரியலாம் என்று பெட்டியில் வைக்கும் கட்டுப்பாடு மாஸ்கிங். எந்தப் போர்ட் எதனோடு பேசலாம் என்று ஃபைபர் சானல் சுவிட்சில் வைப்பது சோனிங். இரண்டும் வேண்டும். ஒரு சோனுக்குள் ஒரு சேர்வர் போர்ட் மட்டும் போடுங்கள்.

புறக்கோட்டை மொத்தக் கடை: 8 டி.பி. டிஸ்க் 4, ரெய்ட்-5. எவ்வளவு கிடைக்கும்? பேக்கப் வேறு வேணுமா?

ரெய்ட் என்பது பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று செத்தாலும் டேட்டா தப்பும்படி வைக்கும் முறை; ரெய்ட்-5 ஒரு டிஸ்க் சாவதைத் தாங்கும், ரெய்ட்-6 இரண்டு. உங்களுக்கு 24 டி.பி.; விண்டோஸ் 1024 மடங்கில் எண்ணுவதால் ஏறக்குறைய 21.8 என்று காட்டும். ரெய்ட்-6 போடுங்கள், 16 கிடைக்கும். ஒரு டிஸ்க் செத்து மாற்றினால் மிச்சம் மூன்றையும் தொடக்கம் முதல் முடிவு வரை வாசித்துத்தான் புதியதை நிரப்ப வேண்டும். இந்த அளவு டிஸ்க்கில் அது பல மணித்தியால வேலை. அதற்குள் இன்னொன்று போனால் ரெய்ட்-5இல் எல்லாமே போச்சு. பேக்கப் கட்டாயம். ரெய்ட் டிஸ்க் சாவதை மட்டும்தான் தாங்கும்; நீங்கள் ஃபைலை அழித்தால் அந்த அழிப்பையும் ஒழுங்காகப் பதிந்துவிடும்.

பம்பலப்பிட்டி: எந்த பிராண்ட் நல்லது?

அது என் துறை இல்லை. ரெய்ட்டுக்கு, தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதும் எஸ்.எம்.ஆர். வகை டிஸ்க் மட்டும் வேண்டாம்.

மருதானை: தினமும் ஸ்னாப்ஷொட் எடுக்கிறோம். அது பேக்கப்தானே?

இல்லை. ஸ்னாப்ஷொட் ஒரு நேரத்து நிலையின் பதிவு; அது அதே டிஸ்க்குகளில்தான் இருக்கிறது. பெட்டி போனால் கூடவே போகும்.

கிருலப்பனை: இன்னொரு பெட்டிக்கு உடனுக்குடன் ரெப்ளிகேஷன் (நகல்) போகுது. அப்ப பேக்கப் தேவையில்லையே?

தேவை. புறக்கோட்டைக்குச் சொன்னதை வாசியுங்கள். அழிப்பும் உடனுக்குடன் அங்கே போகும்.

கொட்டாஞ்சேனை: ஒரே லன்னை இரண்டு லினக்ஸ் சேர்வரில் மவுன்ட் பண்ணி (பாவனைக்கு இணைத்து) வைத்திருக்கிறேன், எக்ஸ்ட்-4 ஃபைல் சிஸ்டம். நல்லா ஓடுது.

இன்றைக்கே நிறுத்துங்கள். எக்ஸ்ட்-4 தன்னைத் தவிர வேறு யாரும் அந்த டிஸ்க்கைத் தொடுவதில்லை என்று நம்பி எழுதப்பட்டது. இரண்டு சேர்வரும் காலி பிளொக் பட்டியலைத் தத்தம் மெமரியில் வைத்திருக்கின்றன. இரண்டும் ஒரே பிளொக்கைக் காலி என்று நினைத்து எழுதும்.

கொட்டாஞ்சேனை: இரண்டாவது ரீட்-ஒன்லி அண்ணா. அது எழுதாதே!

எழுதும் தம்பி. ஜேர்னலில் (மாற்றங்களை முதலில் குறித்து வைக்கும் பதிவேட்டில்) மிச்சம் இருந்தால், எக்ஸ்ட்-4 ரீட்-ஒன்லி மவுன்ட்டிலும் அதை டிஸ்க்கில் எழுதி முடிக்கும். முதல் சேர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஜேர்னலில் பெரும்பாலும் மிச்சம் இருக்கும்.

மருதானை: நோலோட் ஒப்ஷன் போட்டால் ஜேர்னலைத் தொடாது. நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

எழுதாது, சரி. வாசிப்பது சரியாக இருக்குமா? எந்த ஃபைல் எங்கே என்ற பழைய விவரம் (மெட்டாடேட்டா) உங்கள் சேர்வரின் மெமரியில் (கேஷில்) கிடக்க, முதல் சேர்வர் அந்த பிளொக்குகளை வேறு ஃபைலுக்குக் கொடுத்துவிடும். நீங்கள் ஒரு ஃபைலைத் திறந்தால் இன்னொன்றின் உள்ளடக்கம் வரும், எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல். இரண்டு சேர்வர் ஒரு லன்னைப் பகிர வேண்டுமென்றால் ஜி.எஃப்.எஸ்.2, ஓ.சி.எஃப்.எஸ்.2 போன்ற, பல சேர்வர்கள் ஒன்றாகப் பயன்படுத்தவே எழுதப்பட்ட கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம் வேண்டும்.

கொட்டாஞ்சேனை: இப்ப என்ன செய்ய?

முதலில் இரண்டாவது சேர்வரில் அன்மவுன்ட். பிறகு பெட்டியின் மாஸ்கிங்கிலிருந்து அந்தச் சேர்வரை எடுங்கள். முதல் சேர்வரில் டேட்டாவை வெளியே பிரதி எடுத்து, அன்மவுன்ட் செய்து, ஃபைல் சிஸ்டத்தைச் சோதிக்கும் ஈ2எஃப்எஸ்சிகே-யை (e2fsck) எதையும் மாற்றாத -n தெரிவோடு ஓட்டிப் பாருங்கள். பிழை வந்தால் அந்தப் பிரதியையும் அப்படியே நம்ப வேண்டாம். பழைய பேக்கப்போடு ஒப்பிடுங்கள். சுத்தமாக இருந்தால் மவுன்ட் செய்து, இரண்டாவது சேர்வருக்கு என்.எஃப்.எஸ். வழியாகக் கொடுங்கள்.