நாக்கைப் பார்த்து நோய் சொல்வது

அன்புள்ள சார், வணக்கம்.

வாட்ஸப்பில் ஒரு நாக்குப் படம் வந்தது. நுனி இதயம், நடுவில் வயிறு, அடியில் சிறுநீரகம் என்று பிரித்து, 'சித்தர்கள் சொன்ன ரகசியம்' என்று போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து தினமும் கண்ணாடி முன்னால் நிற்கிறேன். என் நாக்கில் சிவப்பாகத் திட்டுத் திட்டாக இருக்கிறது, சுற்றி வெள்ளைக் கோடு. நாலு நாளில் ஓரிடத்தில் மறைந்து இன்னோர் இடத்தில் வருகிறது. காரம் பட்டால் எரிகிறது. இதயத்தில் கோளாறாக இருக்குமோ? வீட்டுக்காரருக்கும் நாக்கு ஓரத்தில் ஒரு மாதமாகப் புண். மாவா (புகையிலை, பாக்குக் கலவை) போடுகிறவர். வலி இல்லை என்று விட்டுவிட்டார்.

ஒரு வாசகி, பெரம்பூர்

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசி வரிகளுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். வாய்ப்புண் சாதாரணமாக ஒரு வாரம், பத்து நாளில் ஆறிவிடும். இரண்டு மூன்று வாரம் தாண்டியும் ஆறாத புண்ணை, அதிலும் புகையிலை போடுகிறவரின் நாக்கு ஓரத்தில் இருப்பதை, டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். வலி இல்லை என்பது ஆறுதல் இல்லை. நாக்கில் வரும் புற்றுநோய் தொடக்கத்தில் பல நேரம் வலிக்காது. கூரான பல் உரசியும் புண் வரலாம், அதுவாகவே இருக்கட்டும். ஆனால் அதை வீட்டில் இருந்தபடி முடிவு செய்ய முடியாது. பாரிமுனைக்கு பஸ் ஏறினால், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள். பயாப்ஸி (புண்ணிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பது) எடுக்கச் சொன்னால் தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் நாக்குக்கு வருகிறேன். இடம் மாறும் திட்டு, வெள்ளை விளிம்பு, காரத்துக்கு எரிச்சல் என்று நீங்கள் சொல்வதெல்லாம் டாக்டர்கள் 'ஜியாகிராபிக் டங்' என்று சொல்வதோடு பொருந்துகிறது. நாக்கின் மேலுள்ள பொடி மொட்டுகள் அங்கங்கே உதிர்ந்து திரும்ப முளைப்பதால் தேசப்படம் போலத் தெரியும். பிறருக்குத் தொற்றாது, புற்றாகவும் மாறாது, இதயத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அவரோடு போகும்போது நீங்களும் காட்டிவிடுங்கள், சந்தேகம் தீரும்.

அந்தப் படத்தில் நாக்கைக் கூறு போட்டிருக்கும் முறை சீன மருத்துவத்தைச் சேர்ந்தது. நம் சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். எட்டில் ஒன்றுதான் நாக்கு. மீதி ஏழையும் சேர்த்துப் பார்த்துத்தான் நோய்க்குப் பெயர் வைக்க வேண்டும்.

அதற்காக நாக்கு ஒன்றும் சொல்லாது என்று நினைத்துவிடாதீர்கள். என் அம்மா சில வருஷம் முன்பு 'ரசம் காரமாக இருக்கிறது' என்று சொல்ல ஆரம்பித்தார். மிளகைக் குறைத்தோம். அப்புறம் மிளகாயை நிறுத்தினோம். மாவடு இல்லாமல் தயிர்சாதம் தொடாதவர், ஜாடியைத் தள்ளி வைத்தார். வயசாகிவிட்டது என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். சர்க்கரைக்கு மாதாந்திரச் செக்கப் போனபோது டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். சொரசொரப்பே இல்லை. சிவந்து, ஈரப் பளிங்கு மாதிரி வழுவழுவென்று இருந்தது. தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட நான் ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. கால் மரத்துப்போகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றார் அம்மா, அதையும் எங்களிடம் சொன்னதில்லை. ரத்தம் சோதித்ததில் வைட்டமின் பி12 மிகக் குறைவு. சுத்த சைவம், போதாததற்குப் பல வருஷமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை; இரண்டுமே பி12-ஐக் குறைக்கும். ஊசி போட்டு இரண்டு மாதத்தில் மாவடு ஜாடி மறுபடி மேஜைக்கு வந்தது.

இரும்புச்சத்து குறைந்தாலும் நாக்கு வெளுத்து வழுவழுப்பாகும். காலையில் இருக்கும் வெள்ளைப் படிவுக்குப் பயப்பட வேண்டாம், வழித்தால் போய்விடும். வழித்தும் போகாத வெள்ளைத் திட்டு என்றால் காட்டுங்கள். உங்கள் வீட்டுக்காரர் மாவா போடுகிறவர் என்பதால், அவர் கன்னத்தின் உட்புறத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

போய் வந்ததும் டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.