கத்தி படாத சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் கிடையாதா?

கேள்வி: தக்கலையில் வசிக்கிறோம். அப்பாவுக்குப் பித்தநாளத்தில் அடைப்பு, கடும் மஞ்சள்காமாலை. எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட் வைக்க முடியவில்லை. அதனால் திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் விலாவில் ஊசி செலுத்தி, கல்லீரல் வழியாக வடிகுழாய் வைத்தார்கள். மதியம் சேர்ந்தோம், மறுநாள் காலை அனுப்பிவிட்டார்கள். ‘அறுவை சிகிச்சை நடக்கவில்லை, 24 மணி நேரம் தங்கவும் இல்லை’ என்று இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தர மறுக்கிறது.

பதில்: குழாய் வழியே பித்தநீர் வடியும் பையை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கும் மனிதரிடம் ‘அறுவை சிகிச்சை நடக்கவில்லை’ என்று எழுதுவது அநியாயம். தோலில் தெரிவது நெல்மணி அளவுத் துளைதான். உள்ளே எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி கல்லீரலைத் துளைத்துப் பித்தநாளத்தைத் தொட்டிருக்கிறார் மருத்துவர்.

உங்கள் பாலிசியின் விளக்கப் பகுதியை எடுத்துப் படியுங்கள். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விளக்கத்தில் கத்தி என்ற சொல்லே இல்லை. நோயைக் குணப்படுத்த, துன்பத்தைத் தணிக்க, மருத்துவமனையில் மருத்துவர் கையால் செய்யும் செயல்முறையும் அறுவை சிகிச்சைதான். ‘டே கேர்’ விளக்கமும் உங்களுக்குச் சாதகம். மரத்துப்போக மருந்து கொடுத்து, இல்லையென்றால் 24 மணி நேரத்துக்கு மேல் தங்கிச் செய்ய வேண்டியிருந்திருக்கும் சிகிச்சையைத் தொழில்நுட்ப வளர்ச்சியால் 24 மணி நேரத்துக்குள் முடிப்பதே டே கேர்.

ஆகவே முதல் வேலை, சிகிச்சை செய்த ரேடியாலஜிஸ்டிடம் ஒரு கடிதம் வாங்குவது. எண்டோஸ்கோப்பி ஏன் பலிக்கவில்லை, எந்த மயக்க மருந்து கொடுத்தார், இந்த முறை இல்லாவிட்டால் வயிற்றைத் திறந்து அறுவை செய்து எத்தனை நாள் மருத்துவமனையில் வைத்திருக்க வேண்டியிருக்கும் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘குழாய் வைக்கப்பட்டது’ என்று ஒற்றை வரி மட்டும் இருப்பதால்தான் பல கிளைம்கள் விழுகின்றன.

அதை இணைத்து நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, மீண்டும் மறுத்தாலோ, சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) ஓராண்டுக்குள் புகார் செய்யலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம். இன்னொரு வழி, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். சிகிச்சை கேரளத்தில் நடந்திருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. கெடு 2 ஆண்டு.

மறுப்புக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். அதில் சொல்லாத புதுக் காரணத்தை நிறுவனம் பிற்பாடு வழக்கில் எழுப்ப முடியாது என்று சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இடையில் பாதித் தொகை தருவதாகச் சொல்லி, ‘முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். அப்பாவுக்குக் குழாய் மாற்றப் போகும்போதெல்லாம் பில்களைத் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள். அந்தச் செலவையும் கேட்கலாம்.