கொயருக்கு வாசித்தால் கை கெட்டுப்போகுமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

ரிக்டர் என்ற ரஷ்யப் பியானோ கலைஞரைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை மகளிடம் வாசித்துக் காட்டியது என் தப்பு. 15 வயது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் பியானோ தேர்வில் ஆறாம் கிரேடு முடித்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கொயருக்கு, அதாவது சபைப் பாடகர் குழுவுக்கு, கீபோர்டு வாசிப்பதும் அவள்தான். இப்போது கான்செர்ட் பியானிஸ்ட் ஆகப் போகிறாளாம். அப்படியென்றால் முதலில் சபையில் வாசிப்பதை நிறுத்து, கை கெட்டுப்போகும் என்று அவளுடைய மாஸ்டர் சொல்கிறார். பிள்ளை அழுகிறாள். நிறுத்தத்தான் வேண்டுமா?

ஒரு வாசகி, தக்கலை

அன்புள்ள தங்கைக்கு,

நிறுத்த வேண்டாம். மாஸ்டர் சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

ரிக்டரின் அப்பாவே ஒடெஸா நகரத்து லூத்தரன் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர்தான். பையன் முறையாகப் பெரிதாக ஒன்றும் படிக்கவில்லை. வீட்டில் கிடந்த ஆப்பரா (இசை நாடகம்) ஸ்வரப் புத்தகங்களை, அதாவது நோட்டுகளை, எடுத்து வைத்து, பார்த்துப் பார்த்து வாசித்தே கை பழகியது. பதின்வயதிலேயே ஒடெஸா ஆப்பராவில் ஒத்திகைக்கு வாசிக்கிற வேலை. முழு ஆர்கெஸ்ட்ரா வாசிக்க வேண்டியதை ஒற்றை ஆள் பியானோவில் வாசிக்க வேண்டும். பாடகர் நிறுத்தினால் நிறுத்த வேண்டும், திரும்ப எடுத்தால் திரும்ப எடுக்க வேண்டும். முதல் தனிக் கச்சேரி 1934ல், முழுக்க ஷோப்பான் எழுதிய இசை. மாஸ்கோவில் பேர்பெற்ற பியானோ ஆசிரியர் நெய்ஹவுஸிடம் மாணவராகப் போய் நின்றபோது வயது 22. நம் ஊர்க் கணக்கில் கல்யாணப் பேச்சு தொடங்குகிற வயது. தான் அவருக்குச் சொல்லிக்கொடுக்க அதிகம் இருக்கவில்லை என்று நெய்ஹவுஸே பின்னாளில் ஒப்புக்கொண்டார். 1943ல் இசையமைப்பாளர் புரோகோபியேவின் ஏழாவது பியானோ சொனாட்டாவை நாலே நாளில் பாடம் செய்து முதன்முதலாக மேடையேற்றியதும் இதே ஆள்தான். ஆப்பராவில் நோட்டைப் பார்த்த மாத்திரத்தில் வாசித்துப் பழகிய கைக்குத்தான் அது முடியும்.

பேர் வந்த பிறகும் அவர் பிறருக்குப் பக்கவாத்தியமாக வாசிப்பதை விடவில்லை. துணைவி நீனா டோர்லியாக் பாட, இவர் வாசித்தார். ஜெர்மன் பாடகர் ஃபிஷர்-டிஸ்காவுக்கு வாசித்தார். ரோஸ்ட்ரோபோவிச்சின் செல்லோவோடும் சேர்ந்தார். அதனால் அவர் கை கெட்டதாக யாரும் சொல்லவில்லை.

இதை நான் நம்புவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. சின்ன வயதில் கடற்கரைப் பக்கம் ஒரு ஆலயத்தில் ஆர்கனிஸ்ட் மாமா ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் புரட்டிக் கொடுப்பேன். அங்கே ஒரு பழைய பியானோ. உப்புக்காற்றுக்குக் கம்பியெல்லாம் துருவேறும். எங்கள் ஊரில் இரண்டு மழையும் பெய்யும், கட்டைகள் ஊதிப்போகும். ஈரம் காய அதன் வயிற்றுக்குள் 40 வாட் பல்பு ஒன்று எப்போதும் எரியும். ஒரு தடவை மூடியைத் திறந்தால் உள்ளே பல்லி முட்டை! நடுவில் ஒரு கட்டை அமுக்கினால் எழும்பாது. மாமா வாசித்துக்கொண்டே சுண்டுவிரலால் கீழேயிருந்து அதைக் கிளப்பிவிட்டு அடுத்த ஸ்வரத்துக்குப் போய்விடுவார். பாடுகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஒருநாள் நான் வாசித்தபோது தலையில் ஒரு தட்டு வைத்தார். "கட்டையப் பாக்காத மக்கா, பாடுதவன் மூச்சு எங்க முடியுதுன்னு பாரு."

வயலின்காரர் தன் வயலினைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். கச்சேரிப் பியானோ 9 அடி நீளம், கிட்டத்தட்ட அரை டன் எடை. போகிற ஊரில் எது நிற்கிறதோ அதன் முன்னால்தான் பெரும்பாலான பியானிஸ்டுகள் உட்கார வேண்டும். ஆகவே எழும்பாத கட்டையோடு மல்லுக்கட்டுவது வீண்போகாது. ரிக்டரும் பல காலம் கிடைத்ததில் வாசித்தவர்தான். 1986ல் 71 வயதில் சைபீரியா முழுக்கச் சுற்றி, கச்சேரி மண்டபமே இல்லாத சிற்றூர்களில் வாசித்தார். அந்தப் பயணத்துக்குத் தன் யமஹா பியானோவைக் கூடவே கொண்டுபோனார். சரி, அந்த வயதில் அது கூடவா கூடாது?

பிள்ளைக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள், மறைக்காமல். கடைசிக் காலத்தில் அவருக்குக் காதே மாறிவிட்டது. வாசிக்கிற ஸ்வரம் ஒன்று, கேட்பது அதற்கு மேலே இன்னொன்று. அப்புறம் எல்லாக் கச்சேரியிலும் நோட்டை முன்னால் வைத்துக்கொண்டார். அரங்கம் இருட்டு, நோட்டுக்கு மட்டும் ஒரு சிறு விளக்கு. அந்த மனிதர் கொண்டாட்டமாக வாழ்ந்தார் என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி மாஸ்டர் பக்க நியாயம். கீபோர்டு கட்டைக்குக் கனம் கிடையாது. பியானோவில் விரலின் கனம்தான் சுத்தியலைக் கம்பிமேல் எறிகிறது. கீபோர்டிலேயே வளர்ந்த விரல் பியானோவில் ஏறியதும் தடுமாறும். குறைந்தது 88 கட்டையும் கனமுள்ள டிஜிட்டல் பியானோ வீட்டில் வேண்டும். அதோடு, சபைகளில் பார்க்கிறோமே, பாடகருக்குச் சுருதி எட்டவில்லை என்றதும் ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டுவதும், தாளத்துக்குக் கீபோர்டு தானாக வாசிக்கிற ஸ்டைலைப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பதும், மாஸ்டர் பயப்படுவது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். பட்டனைத் தொடாமல் கையாலேயே சுருதி மாற்றி வாசிக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கஷ்டப்படுவாள், அவ்வளவுதான்.

எட்டாம் கிரேடுக்கு மேலே டிரினிட்டியிலேயே டிப்ளமோக்கள் இருக்கின்றன. சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் 2008ல் தொடங்கிய கே.எம். கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரி இருக்கிறது. அதற்கு மேல் என்றால் வெளிநாடுதான், செலவும் அதற்கேற்றபடிதான். மேடை மட்டுமே சோறு போடுகிற பியானிஸ்டுகள் உலகத்திலேயே குறைவு. மற்றவர்கள் கற்றுக்கொடுத்தும் பிறருக்கு வாசித்தும்தான் பிழைக்கிறார்கள். அதற்கும் இந்தக் கொயர்ப் பழக்கம்தான் உதவும்.

யாராவது பழைய பியானோ மலிவாகத் தருகிறேன் என்று வந்தால் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். கீழ்ப்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். கறையான் மண் தெரிந்தாலோ, கம்பி சுற்றியிருக்கும் ஆணிகள் லேசாகத் திருகினாலே சுற்றினாலோ, நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.