காமா பரவல், பூஜ்ய மழை, அடம்பிடிக்கும் ஆப்டிம்

கேள்வி: எங்கள் மாவட்டத்தின் மாத மழையளவுக்கு (மில்லிமீட்டரில்) காமா பரவலை (எதிர்ம மதிப்பு வராத தரவுக்கான, வடிவம், வீதம் என்ற இரண்டு பண்பளவைகள் கொண்ட நிகழ்தகவுப் பரவல்) பொருத்துகிறேன். ஆர் மென்பொருளில் லாக்-லைக்லிஹுட் சார்பை (பண்பளவைகள் தரவோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று அளப்பது) நானே எழுதி, சிறந்த பண்பளவைகளைத் தேடித் தரும் ஆப்டிம் (optim) என்ற சார்புக்குக் கொடுத்தேன். வடிவம், வீதம் இரண்டுக்கும் தொடக்க மதிப்பாக 1, 1 கொடுத்தால் வடிவப் பண்பளவை 1 என்றே திரும்பி வருகிறது. 5, 5 கொடுத்தால் பிழை காட்டி நின்றுவிடுகிறது. வேறு மென்பொருளுக்குப் போய்விடட்டுமா? (ஆய்வு மாணவி)

பதில்: வேண்டாம். முதலில் உங்கள் தரவில் பூஜ்யம் இருக்கிறதா என்று பாருங்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்கள் சேர்ந்திருந்தால் அநேகமாக இருக்கும்.

மழையளவு பூஜ்யமாக இருக்கும்போது, வடிவப் பண்பளவை 1-க்கு மேல் போனால் காமா அடர்த்தி பூஜ்யம்; அதன் லாக் எதிர்ம முடிவிலி. 1-க்குக் கீழே வந்தால் அடர்த்தியே முடிவிலி. சரியாக 1-இல் மட்டும்தான் முடிவுள்ள எண் கிடைக்கும். அதனால்தான் ஆப்டிம் அங்கேயே நிற்கிறது. தரவில் ஒரே ஒரு பூஜ்யம் இருந்தாலும் இதே கதிதான்.

பூஜ்யத்துக்குப் பதில் 0.01 என்று போட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. லாக் எடுக்கும்போது அந்த 0.01 பெரிய எதிர்ம எண்ணாகி விடையைத் தன் பக்கம் இழுக்கும், 0.001 போட்டால் விடை மறுபடி மாறும். மழை பெய்யாத மாதங்களைத் தனியாகப் பிரிப்பதே சரி. மழை பெய்யாமல் இருக்கும் நிகழ்தகவுக்கு மீப்பெரு லைக்லிஹுட் மதிப்பீடு (லைக்லிஹுட்டை உச்சமாக்கும் மதிப்பு), மொத்த மாதங்களில் பூஜ்ய மாதங்களின் விகிதம்தான். மீதி மாதங்களுக்கு மட்டும் காமா. லைக்லிஹுட் இரண்டு தனித்தனிக் காரணிகளாகப் பிரிந்துவிடுவதால் ஒன்று மற்றதைப் பாதிக்காது.

அப்புறம், தொடக்க மதிப்பு. 1, 1 என்பது ஊகம்கூட இல்லை, பழக்கம். மழை பெய்த மாதங்களின் சராசரி 120, திட்ட விலக்கம் 80 என்று வைத்துக்கொள்வோம். சராசரியின் வர்க்கத்தைத் திட்ட விலக்கத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வடிவம் 2.25. சராசரியைத் திட்ட விலக்கத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வீதம் 0.01875. இங்கிருந்து தொடங்குங்கள். இரண்டு எண்களும் நூறு மடங்குக்கு மேல் வேறுபடுவதைக் கவனித்தீர்களா? இப்படி இருந்தால் தேடல் தடுமாறும். பண்பளவைகளின் லாக்கை ஆப்டிமிடம் கொடுத்து, சார்புக்குள் அடுக்கேற்றி (exp எடுத்து) மீட்டுக்கொள்ளுங்கள். எதிர்ம மதிப்புக்குள் போய் எச்சரிக்கை மழை கொட்டுவதும் இதனால் நின்றுவிடும்.

ஆப்டிம் இயல்பாகச் சிறுமத்தைத்தான் தேடும். ஆகவே லாக்-லைக்லிஹுட்டின் எதிர்மத்தைக் கொடுங்கள். அடர்த்திகளைப் பெருக்கிவிட்டு லாக் எடுக்காதீர்கள். சில நூறு மாதங்களிலேயே பெருக்கல் பூஜ்யமாகிவிடும். அடர்த்திச் சார்பிடமே லாக் மதிப்பைக் கேட்டு வாங்கிக் கூட்டுங்கள்.

விடை வந்ததும் ஆப்டிம் தரும் ஒருங்கல் குறியீட்டை (convergence: தேடல் எப்படி முடிந்தது என்று சொல்லும் எண்) பாருங்கள். 0 என்றால் முறைப்படி முடிந்தது. 1 என்றால் சுற்று வரம்பு தீர்ந்துபோனது. ஆனால் 0 வந்ததும் நம்பிவிட வேண்டாம், கிடைத்த விடையிலிருந்தே இன்னொரு முறை ஓட்டுங்கள். காமாவுக்கு இன்னும் உறுதியான சோதனை ஒன்று இருக்கிறது: உண்மையான உச்சத்தில் வடிவத்தை வீதத்தால் வகுத்தால் தரவின் சராசரி அப்படியே வர வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 120. 117 வந்தால் தேடல் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

திட்டப் பிழைக்கு ஹெஸ்ஸியன் அணியையும் (இரண்டாம் வகைக்கெழுக்களின் அணி) ஆப்டிமிடம் கேட்டு வாங்குங்கள். அதன் நேர்மாறின் மூலைவிட்ட உறுப்புகளுக்கு வர்க்கமூலம் எடுத்தால் போதும். எதிர்ம லாக்-லைக்லிஹுட் கொடுத்திருப்பதால் குறி மாற்ற வேண்டியதில்லை. இந்தத் திட்டப் பிழை லாக் அளவில் இருக்கும். எனவே நம்பிக்கை இடைவெளியை அந்த அளவிலேயே அமைத்து, இரு முனைகளையும் கடைசியில் அடுக்கேற்றுங்கள்.