சுறாக் கடிகளை இணையத்தில் வரைவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

சுறாத் தாக்குதல்களைப் பற்றி, பார்ப்பவரே தொட்டும் வடிகட்டியும் தேடியும் பார்க்கும்படியான இணையதளம் ஒன்றை உருவாக்குவது குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கே: இதைக் கல்லூரி இறுதியாண்டு ப்ராஜெக்டாகச் செய்யப் போகிறோம். தரவு எங்கே கிடைக்கும்? பழைய செய்தித்தாள்களிலிருந்து நாங்களே திரட்டலாமா? – கணினி அறிவியல் மாணவி, நாகர்கோவில்

ப: நீங்களே திரட்ட வேண்டாம். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இதையே வேலையாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 1958-இல் தொடங்கிய சர்வதேசச் சுறாத் தாக்குதல் கோப்பு இப்போது ஃபுளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சரிபார்ப்பில் கறாரானது. ஆனால் தனித்தனிப் பதிவுகள் எல்லோருக்கும் திறந்திருக்காது. ஆண்டுச் சுருக்கமும் இடவாரியான எண்ணிக்கையும்தான் கிடைக்கும். பிரின்ஸ்டனில் உள்ள சுறா ஆராய்ச்சி நிறுவனம் பராமரிக்கும் உலகச் சுறாத் தாக்குதல் கோப்பு எக்செல் ஷீட்டாகவே கிடைக்கிறது. அதில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உண்டு. மூன்றாவது, ஆஸ்திரேலியச் சுறா நிகழ்வுத் தரவுத்தளம். சிட்னியின் தாரோங்கா அமைப்பும் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகமும் நியூ சவுத் வேல்ஸ் அரசுத் துறையும் சேர்ந்து நடத்துவது. 1791-லிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்வுகள் அதில் இருக்கின்றன.

எங்கள் யோசனை: முதல் தளத்தை ஆஸ்திரேலியாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தத் தரவில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் எண்ணாகவே இருக்கின்றன. உலகக் கோப்பில் கடற்கரையின் பெயர் மட்டும்தான். அதை வரைபடப் புள்ளியாக மாற்றுவதிலேயே ஒரு செமஸ்டர் போய்விடும். இரண்டு கோப்புகளையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கவும் வேண்டாம். ஒரே சம்பவம் இரண்டிலும் வேறு வேறு வகைப்பாட்டில் இருக்கும், கணக்கு இரட்டிக்கும்.

கே: உலகக் கோப்பின் பழைய பிரதி ஒன்றை இறக்கி, உயிரிழப்பு நெடுவரிசையை எண்ணினேன். ஆம், இல்லை என்ற இரண்டு விடைக்குப் பதிலாக ஏழெட்டு வருகின்றன. ஃபைல் கெட்டுவிட்டதா? – வெப் டெவலப்பர், கோவை

ப: கெடவில்லை. பல கைகள் பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்த எந்த ஷீட்டும் இப்படித்தான் இருக்கும். ‘இல்லை’க்கான ஆங்கில எழுத்து ‘என்’ (N). முன்னால் ஓர் இடைவெளி விழுந்த ‘என்’ கணினிக்கு வேறு சொல். ‘எம்’ என்று இருப்பது, கீபோர்டில் ‘என்’னுக்குப் பக்கத்து விசையில் விரல் பட்டது. ஓரிடத்தில் ஆண்டே அங்கே வந்து உட்கார்ந்திருக்கும். பாலினம் என்ற நெடுவரிசையின் தலைப்பிலேயே கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டியிருப்பதால், சரியான பெயரைக் கொடுத்தாலும் நிரலுக்கு அது அகப்படாது. ஷீட்டின் அடியில் ஆயிரக்கணக்கான வெற்று வரிசைகள் வேறு.

மூல ஃபைலைத் தொடாமல் பூட்டி வையுங்கள். பிரதியை, தரவைச் சுத்தம் செய்யும் மென்பொருளான ஓப்பன்ரீஃபைனில் ஏற்றி, முதலில் முன்பின் இடைவெளிகளை வெட்டுங்கள். பிறகு நாட்டின் பெயர், செயல் ஆகிய நெடுவரிசைகளில் ‘கிளஸ்டர்’ வசதியைப் பயன்படுத்தினால், ஒரே சொல்லின் பல எழுத்து வடிவங்களை அதுவே பக்கத்தில் பக்கத்தில் காட்டும். எதை எதோடு சேர்ப்பது என்பதை நீங்கள் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் சேர்த்தீர்கள் என்றால் இரண்டு வேறு கடற்கரைகள் ஒன்றாகிவிடும்.

தேதி இதைவிடக் கடினம். எக்செலுக்கு 1900 ஜனவரி 1-க்கு முந்தைய தேதியே தெரியாது. அதற்கு முன்னுள்ளவை வெறும் எழுத்தாகவே கிடக்கும், வரிசைப்படுத்தினால் தாறுமாறாகும். ‘1906-க்கு முன்’, ‘1930-களின் தொடக்கம்’ என்றும் பதிவுகள் உண்டு. ஆண்டு பூஜ்ஜியம் என்றும் உண்டு. ‘தகவல் வந்தது ஜூன் 25’ என்றால் கடித்த நாள் அதுவல்ல. ஆகவே தேதிக்குப் பக்கத்தில் ‘துல்லியம்’ என்று ஒரு புது நெடுவரிசை போட்டு நாள், மாதம், ஆண்டு, பத்தாண்டு, தெரியவில்லை என்று குறியுங்கள். மாதவாரி வரைபடத்துக்கு முதல் இரண்டு மட்டும் போகட்டும்.

அதிகக் கவனம் கேட்பது சுறா இனம் உள்ள கட்டம். ‘வெள்ளைச் சுறா, 4 மீட்டர்’, ‘6 அடிச் சுறா’, ‘சுறாவா என்பது உறுதியாகவில்லை’ எல்லாம் ஒரே கட்டத்துக்குள் இருக்கும். இதை இனம், நீளம், உறுதி என்று மூன்றாகப் பிரித்து, அடியை 0.3048-ஆல் பெருக்கி மீட்டராக்குங்கள். இனம் எழுதப்படாத பதிவுகள் ஏராளம். அவற்றை நீக்கிவிட்டால் வெள்ளை, புலி, காளைச் சுறாக்கள் மட்டுமே கடிக்கின்றன என்பது போன்ற தோற்றம் வரும். பெரிய, எளிதில் அடையாளம் தெரியும் மீன்களின் பெயர்தான் பதிவாகிறது என்பது அதற்குப் பாதிக் காரணம். ‘தெரியவில்லை’ என்பதற்கும் வரைபடத்தில் ஒரு பட்டை இருக்கட்டும், சாம்பல் நிறத்தில், மற்றவற்றோடு சமமான இடத்தில்.

வகை நெடுவரிசையையும் எண்ணிக்கைக்கு முன்பே பாருங்கள். 1945 ஜூலை 30-இல் மூழ்கிய அமெரிக்கப் போர்க்கப்பல் இண்டியானாபொலிஸ் போன்றவை ‘கடல் விபத்து’ என்ற தனி வகையில் வரும். கடலில் தத்தளித்தவர்கள் நூற்றுக்கணக்கானோர். ஷீட்டில் அது ஒரே வரிசை. ஒரு வரிசைக்கு ஓர் ஆள் என்று எண்ண முடியாது.

கே: ஆஸ்திரேலியப் புள்ளிகள் எல்லாம் கிரீன்லாந்துக்கு மேலே வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன! லீஃப்லெட் பயன்படுத்துகிறோம். – இரு மாணவர்கள், திருச்சி

ப: அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிவிட்டன. இணைய வரைபடம் வரையும் நிரல் நூலகமான லீஃப்லெட் அட்சரேகையை முதலில் கேட்கும். வரைபடப் புள்ளிகளைச் சேமிக்கும் ஜியோஜேசன் ஃபைலில் தீர்க்கரேகைதான் முதலில் வரும். சிட்னி தெற்கு 33.87, கிழக்கு 151.21. மாற்றிக் கொடுத்தால் அட்சரேகை 151 ஆகிறது. அப்படி ஓர் இடமே கிடையாது என்பதால் லீஃப்லெட் அதை வரைபடத்தின் மேல் விளிம்பில், 85 பாகைக்குச் சற்று மேலே நிறுத்திவிடுகிறது. ஃபுளோரிடாவின் நியூ ஸ்மிர்னா கடற்கரையை இப்படி மாற்றினால் அது அண்டார்டிகாவில் போய் விழும். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே நடுக்கடலில் ஒரே புள்ளியில் கூட்டம் சேர்ந்தால், வெற்றுக் கட்டங்களை நிரல் பூஜ்ஜியமாகப் படித்திருக்கிறது என்று பொருள்.

இடப்பெயரைப் புள்ளியாக மாற்றும்போது இன்னொரு பிழையும் வரும். கடற்கரையின் பெயர் கிடைக்காவிட்டால் தேடுபொறி மாநிலத்தின் நடுப்புள்ளியைத் தந்துவிடும். சுறா பாலைவனத்தில் கடித்ததாகத் தெரியும். கரையை விட்டு நிலத்துக்குள் விழும் எல்லாப் புள்ளிகளையும் தனியாக எடுத்துக் கையால் பாருங்கள். ஆற்றில் நடந்தவையும் அதில் இருக்கும். 1916 ஜூலை 12-இல் நியூஜெர்சியின் மட்டவான் ஓடையில் நடந்தது உள்நாட்டில்தான், அது பிழையல்ல. இடப்பெயரைப் புள்ளியாக மாற்றித் தரும் இலவச நாமினட்டிம் சேவையில் வினாடிக்கு ஒரு தேடலுக்கு மேல் அனுப்பக் கூடாது. ஒருமுறை கிடைத்த விடையைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கே: நான் பார்க்கும்போது தேதி சரியாக இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் அண்ணனுக்கு எல்லாத் தேதியும் ஒரு நாள் முன்னதாகக் காட்டுகிறதாம். – வாசகர், சிவகாசி

ப: ஆண்டு-மாதம்-நாள் என்று மட்டும் எழுதிய தேதியை ஜாவாஸ்கிரிப்ட் உலகப் பொதுநேரத்தின் நள்ளிரவாக எடுத்துக்கொள்கிறது. நியூயார்க்கில் அது முந்தைய நாள் மாலை. இங்கே நம் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் பிழை கண்ணில் படுவதில்லை. தேதியை எழுத்தாகவே வைத்துக் கோடுகளில் வெட்டிக் காட்டுங்கள். வெட்டிய எண்ணிலிருந்து தேதி கட்ட வேண்டி வந்தால் ஜனவரிக்கு எண் பூஜ்ஜியம் என்பது நினைவிருக்கட்டும்.

கே: ஆறாயிரம் புள்ளிகளைப் போட்டதும் என் போன் திணறுகிறது. அருகருகே உள்ள புள்ளிகளை ஒரே வட்டமாகச் சேர்க்கும் கிளஸ்டர் போட்டால் வேகம் வருகிறது, ஆனால் பார்க்கப் பயமாக இருக்கிறது என்று தங்கை சொல்கிறாள். – வடிவமைப்பாளர், சென்னை

ப: தங்கை சரியாகத்தான் பார்த்திருக்கிறார். லீஃப்லெட்டின் கிளஸ்டர் செருகுநிரல், பத்துக்குக் கீழே பச்சை, நூறுக்குக் கீழே மஞ்சள், அதற்கு மேல் ஆரஞ்சு என்று தானாக நிறம் பூசுகிறது. அது வெறும் எண்ணிக்கைக்கான நிறம். ஆனால் சுறாவைப் பற்றிய தளத்தில் யாரும் அதை ஆபத்து அளவாகத்தான் படிப்பார்கள். மூன்றையும் ஒரே நீலமாக மாற்றுங்கள். வட்டத்தின் ஆரத்தை எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வையுங்கள். எண்ணிக்கையையே ஆரமாக்கினால் நான்கு மடங்கு உள்ள இடம் பதினாறு மடங்கு பெரிதாகத் தெரியும்.

வேகத்துக்கு வழி: சாதாரண மார்க்கர் ஒவ்வொன்றும் இணையப் பக்கத்தில் தனி உறுப்பாக நிற்பதால்தான் போன் திணறுகிறது. அவற்றைச் சிறு வட்டங்களாக மாற்றிக் கேன்வாஸில் (உலாவியின் ஒற்றை வரைபலகையில்) வரையச் சொன்னால் ஆறாயிரமும் ஒரே படமாகிவிடும். தரவு ஃபைலில் வரைபடத்துக்குத் தேவையான ஏழெட்டு நெடுவரிசைகள் போதும். நீண்ட விவரத்தைத் தொட்ட பிறகு எடுத்து வாருங்கள். அட்சரேகையில் மூன்று தசம இடம் என்றாலே சுமார் 110 மீட்டர் துல்லியம். கடற்கரைப் பெயரிலிருந்து எடுத்த புள்ளிக்கு அதற்கு மேல் எழுதுவது, இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுவது.

ஆண்டு ஸ்லைடரில் இரண்டு கைப்பிடிகள் வேண்டும் என்றால் உலாவியின் சொந்த ஸ்லைடர் போதாது, இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் நெருங்கும்போது விரல் எதைப் பிடிக்கிறது என்பதைச் சோதியுங்கள். கைப்பிடி 44 பிக்செலுக்குக் குறையாதிருக்கட்டும். ‘தூண்டப்படாத கடி’ (மனிதர் சீண்டாமலே சுறா கடித்தது) போன்ற தமிழ்ப் பொத்தான்களுக்கு ஆங்கிலப் பொத்தானின் அகலம் போதாது. இரண்டு வரிக்கு இடம் விடுங்கள். கேன்வாஸில் தமிழ் எழுதுவதானால் எழுத்துரு இறங்கி முடிந்த பிறகே வரையுங்கள். இல்லாவிட்டால் முதல் படம் வேறு எழுத்துருவில் வந்து அப்படியே நின்றுவிடும்.

கே: வரைபடத்தைப் பார்த்த என் மாணவர்கள், ‘1900-க்குப் பிறகு சுறாக்கள் மூர்க்கமாகிவிட்டன’ என்று எழுதிவிட்டார்கள். தளத்தில் எதை மாற்றுவது? – அரசுப் பள்ளி ஆசிரியை, ராமநாதபுரம்

ப: ஏறிக்கொண்டே போகும் ஒரு கோட்டைக் காட்டினால் மாணவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள், பிழை வரைபடத்தில் இருக்கிறது. 1900-இல் சுமார் 160 கோடியாக இருந்த உலக மக்கள்தொகை 2022-இல் 800 கோடியைத் தொட்டது. கடலில் இறங்குவோர் பெருகினார்கள், அலைச்சறுக்கு பரவியது, செய்தி போய்ச் சேரும் வழி பெருகியது. அந்தக் காலத்தில் சிறு கடி யாருக்கும் தெரியாமலே ஆறிப்போயிருக்கும், இறப்புகள்தான் பதிவாயின. அதனால் பழைய பத்தாண்டுகளில் இறப்பு விகிதம் பயங்கரமாகத் தெரியும். அது இறங்கியதில் மருத்துவத்துக்கும் பங்கு உண்டு, பதிவு பெருகியதற்கும் பங்கு உண்டு. இரண்டையும் இந்தத் தரவை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. இதை வரைபடத்தின் மேலேயே ஒரு வரியாக எழுதுங்கள், அடிக்குறிப்பில் ஒளிக்காதீர்கள்.

ஆண்டுக்கோட்டை எடுத்துவிட்டுப் பத்தாண்டுப் பட்டைகள் போடுங்கள். சர்வதேசக் கோப்பின்படி தூண்டப்படாத கடிகள் 2023-இல் 69, 2024-இல் 47. இரண்டு ஆண்டுகளுக்கு இடையிலேயே இவ்வளவு ஆட்டம் உண்டு என்றால், ஓர் ஆண்டின் ஏற்றத்துக்குக் காரணம் தேடுவது வீண்.

மாணவர்களுக்கு உலகப் படத்தைவிட ஒரே கடற்கரை அதிகம் கற்றுத் தரும். பிரேசிலின் ரெசிஃபியில் 1992 முதல் கடிகள் கூடின. ஆராய்ச்சியாளர்கள் அதைத் தெற்கே சுவாப்பே துறைமுகம் எழுந்ததோடும் கழிமுகங்கள் மாறியதோடும் தொடர்புபடுத்துகிறார்கள். ஃபுளோரிடாவின் வலூசியா மாவட்டத்தில் எண்ணிக்கை மிக அதிகம், ஆனால் பெரும்பாலும் கலங்கிய நீரில் சிறு சுறாக்கள் காலைக் கவ்வி விட்டுவிடும் கடிகள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த இடத்துக்குப் போகப் பயப்படுவாய் என்று கேளுங்கள். எண்ணிக்கையும் தீவிரமும் வேறு என்பது அவர்களுக்கே புரியும்.

கே: ‘தாக்குதல்’ என்ற சொல்லையே தவிர்க்கச் சொல்கிறார்களே, ஏன்? காயப் படங்களைப் போடலாமா? – வாசகர், மதுரை

ப: 2013-இல் கிறிஸ்டோபர் நெஃப், ராபர்ட் ஹூட்டர் என்ற இரு ஆய்வாளர்கள், எல்லாவற்றையும் தாக்குதல் என்று சொல்வதற்குப் பதில் தென்பட்டது, கடிக்காமல் மோதியது, கடித்தது, கடித்து உயிர் போனது என்று நான்காகப் பிரிக்கலாம் என்று எழுதினார்கள். தளத்தில் ஃபில்டருக்கு இந்தப் பிரிவு அருமையாகப் பொருந்தும். தலைப்பில் ‘சுறாத் தாக்குதல்’ இருக்கலாம், மக்கள் அப்படித்தான் தேடுவார்கள். உள்ளே ‘கடி’ என்று எழுதுங்கள்.

காயப் படம் வேண்டவே வேண்டாம். உலகக் கோப்பில் பெயர் நெடுவரிசையும் உண்டு. அதை உங்கள் ஃபைலுக்குள் கொண்டுவரும் முன்பே நீக்கிவிடுங்கள். திரையில் மறைத்தால் மட்டும் போதாது, ஃபைலைத் திறப்பவர் பார்த்துவிடுவார். அந்தப் புள்ளிகளில் ஒன்று யாரோ ஒருவருடைய பிள்ளை. ரத்தச் சிவப்பையும் தானாக ஒலிக்கும் இசையையும் தவிருங்கள்.

கே: நம் கரையில் ஏன் புள்ளிகளே இல்லை? சுறா இல்லாத கடலா இது? – மீன்வளப் பட்டதாரி, தூத்துக்குடி

ப: சுறா இருக்கிறது, பதிவுதான் மிகக் குறைவு. வலையிலிருந்து எடுக்கும்போதோ தூண்டிலைக் கழற்றும்போதோ கையில் பட்ட கடி, சர்வதேச வகைப்பாட்டில் ‘தூண்டப்பட்டது’ என்று போய்விடும். பல தளங்கள் தொடக்கத்திலேயே தூண்டப்படாதவற்றை மட்டும் காட்டும்படி அமைக்கப்பட்டிருப்பதால், நம் மீனவரின் கடி பதிவாகியிருந்தாலும் திரைக்கு வராது. உங்கள் தளத்தில் இரண்டும் தெரியட்டும், பார்ப்பவர் வேண்டுமானால் அணைத்துக்கொள்ளட்டும்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் சுறாவுக்கு அஞ்சி, அதன் வாயைக் கட்டும் மந்திரக்காரர்களை வைத்திருந்தார்கள். ‘கடல் கட்டி’ என்று அவர்களுக்குப் பெயர். பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குப் போனது என்று எழுதியிருக்கிறார். இருபதில் ஒரு பங்கு கொடுக்கும் அளவுக்கு அச்சம் இருந்த கடலுக்கு உலகக் கோப்புகளில் அந்தக் காலத்துத் தேதியும் பெயரும் கொண்ட பதிவுகள் இல்லை. ஆகவே, பதிவு இல்லாத கரைகளை வெள்ளையாக விடாதீர்கள். வெள்ளை என்றால் பூஜ்ஜியம் என்று படிப்பார்கள். சாய்ந்த கோடுகள் போட்ட சாம்பல் நிறம் கொடுத்து, விரல் வைத்தால் ‘இங்கே பதிவு திரட்டப்படவில்லை’ என்று வரும்படி செய்யுங்கள்.